லிஃப்ட் இல்லாத முகாம்

ஜனவரி 14

பெரிய மனுஷருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வருகிறது. நான்காவது வார்த்தைக்கு நீங்கள் லைனில் இருப்பதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதையும் பாதியில் தூக்கிப் போடலாம், போட்டாலும் எனக்குத் தெரியாது பாருங்கள், அந்த வசதிக்காகத்தான்.

உங்கள் செல்ல மகள் வாலுவை இன்று காலை ராணுவப் பயிற்சி முகாமில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கேட்டுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். பெற்றவர்கள் அதுவரைக்கும்தான். ஒரு அதிகாரியம்மா வந்து, "கட்டிப்பிடிக்கறது, முத்தம் குடுக்கறது எல்லாத்தையும் கோட்டுக்கு அந்தப் பக்கமே முடிச்சுக்கங்க. உள்ளே வந்தா அதுக்கெல்லாம் நேரம் கிடையாது" என்றாள். குரல் நம் டிப்போ மேனேஜரைவிடப் பெரிய குரல். வாலு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் "சரி சரி, போ, நின்னுக்கிட்டே இருக்காதே" என்றேன். பஸ்ஸில் ஏறாமல் படியில் நிற்பவர்களிடம் சொல்கிற அதே தொனியில்தான் வந்தது. வேறு தொனி எனக்கு எங்கே வருகிறது.

முடியை நேற்றே வெட்டிக்கொண்டாள். கழுத்து தெரிகிறது. இவ்வளவு நீளமான கழுத்தா இவளுக்கு என்று இருந்தது.

அவள் கோட்டைத் தாண்டும் வரைக்கும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா கடைசி நிமிஷத்துலதான் வருவாரு, பாரேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். நீங்கள் நாலு நாள் முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குக் கிளம்பிய கோபக்காரர் என்பது அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் ஒப்பந்தம், அடுக்குமாடி, இருபது லிஃப்ட் மாட்ட வேண்டும் என்பீர்கள்.

மத்தியான ஷிஃப்டுக்குப் போனேன். ஒரு ஸ்டாப்பில் நிறுத்தவே இல்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "டிரைவரம்மா, என் வீடு தாண்டிப் போயாச்சு, உங்க வீட்டுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று சத்தம் போட்ட பிறகுதான் பிரேக்கில் கால் வைத்தேன். பஸ்ஸே சிரித்தது.

வீட்டில் சாப்பாடு இருக்கிறது. சாப்பிட ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு டிரைவர்


ஜனவரி 23

டிரைவர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாதியில் போடவில்லை. நாலு தடவை படித்தேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

எனக்குத் தெரியாமல் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து "அப்பா, எனக்கு ராணுவத்துல இடம் கிடைச்சிருக்கு" என்று சொன்னால் நான் என்ன கை தட்டவா முடியும்? விடிகாலையில் டிப்போ மைதானத்தில் ஓடிப் பழகினாளாம். நீ ஓரமாக நின்று நேரம் பார்த்தாயாம். நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வீட்டில் நான் வாடகைக்கு இருந்தவனா?

நீ கேட்பாய், தெரியும். "எனக்கு ஸ்டியரிங் கொடுத்தப்ப ஊரே சிரிச்சுது, நீங்க மட்டும்தானே பக்கத்துல நின்னீங்க, மகளுக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டீங்க?" என்று. அன்றே கேட்டாய். பதிலை இப்போது சொல்கிறேன். பஸ் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் என் பதில்.

இங்கே வேலை ஒன்றும் குறைவில்லை. கட்டடம் இன்னும் பூசி முடியவில்லை. சிமெண்ட் தூசி மூக்கில் போய் எது சாப்பிட்டாலும் சுவர் ருசி. அறையில் கூட இருப்பவர் வயரிங் மேஸ்திரி. அவர் குறட்டைக்கு எங்கள் லிஃப்ட் மோட்டார் தேவலை.

அவளுக்கு ஜன்னல் பக்கம் படுக்கை கிடைத்ததா? கை காலைப் பரப்பிப் படுக்கிறவள். அங்கே இரண்டு அடுக்குக் கட்டில் என்கிறார்கள், மேலே கொடுத்தால் உருண்டு விழுவாள். யாரிடமாவது சொன்னாயா? கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தாவது கத்திச் சொல்லியிருக்கலாம்.

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள வாலு" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் "நான் வராததற்கு" என்று ஆரம்பித்தால் பேனா நகரவில்லை. நீ எழுதும்போது அப்பா நன்றாக இருக்கிறார் என்று ஒரு வரி போட்டுவிடு.

இப்படிக்கு,
வாடகைக்காரன்


பிப்ரவரி 3

வாடகை பாக்கி வைத்திருப்பவருக்கு,

நான் போடமாட்டேன். உங்கள் வரியை நீங்களே எழுதுங்கள். விலாசம் அடியில் இருக்கிறது. பயிற்சி முடியும் வரை போன் அவர்கள் கையில், கடிதம்தான் அவளுக்குக் கிடைக்கும்.

அவளிடமிருந்து முதல் கடிதம் வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட இல்லை. எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, எழுதும்போதே தூங்கியிருப்பாள். பூட்ஸ் கடித்துக் கால் இரண்டும் கொப்புளமாம். விடிவதற்கு முன்னால் எழுப்பி ஓடவிடுகிறார்களாம். சாப்பிடக் கொடுக்கிற நேரத்தில் தட்டைப் பார்ப்பதற்குள் எழுந்திருக்கச் சொல்கிறார்களாம். இங்கே ஒரு முட்டையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கதை பேசுகிறவள். கட்டில் கீழ்த்தட்டுதான் கிடைத்திருக்கிறது. உங்கள் உயிர் திரும்பி வந்திருக்குமே.

கடைசி வரி, "அப்பா கோபம் போச்சா?"

நான் என்ன பதில் எழுத, சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு போன் பேச அனுமதியாம். சில நிமிஷம்தான். நான் ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன், நாள் முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். பேசிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

இரண்டாவது, சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் இதையும் மறைத்தேன் என்பீர்கள். இந்த மாதக் கடைசிக்குள் ஒருத்தி 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதற்குப் பிறகு முடியாது. இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். தயவு செய்து அவளுக்கு எழுதுகிற முதல் கடிதத்தில் 'வந்துவிடு' என்று எழுதிவிடாதீர்கள். அவள் ஆசைப்பட்டுப் போனது. நீங்கள் கூப்பிட்டால் வந்துவிடுவாள். வந்து ஒரு வருஷம் கழித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் அறையைச் சுத்தம் செய்யலாம் என்று போனேன். எத்தனை வருஷமாகக் கத்தியிருக்கிறேன், துணியை நாற்காலியில் போடாதே என்று. துணி அப்படியே கிடக்கிறது. எடுக்க மனசு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

டிரைவர்


பிப்ரவரி 13

அம்மாளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை கிடையாது. கட்டடத்துக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். நான் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று, கூண்டு ஏறி இறங்கும் தண்டவாளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லிஃப்ட் குழிக்குள் போனைக் கொண்டுபோவதில்லை, ஒரு தடவை நழுவி விழுந்து அடியில் சில்லுச் சில்லாகப் போனது உனக்குத் தெரியும். பையில் வைத்து மேலே மோட்டார் அறையில் மாட்டியிருந்தேன். வேலை முடித்து மேலே ஏறிப் பார்த்தால் தெரியாத நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு. அடுத்தடுத்து. முதலில் எடுக்காததால் மறுபடியும் செய்திருக்கிறாள்.

அவள்தான். நான் உடனே திருப்பி அடித்தேன். ஒரு பெண் எடுத்து, "இது உள்ளேருந்து வெளியே பேசற போன். வெளியேருந்து யாரும் கூப்பிடக் கூடாது" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். "ஐயா, ஒரு தடவை சொன்னாப் புரியாதா?" என்றாள். "என் பொண்ணு இப்பத்தான் கூப்பிட்டா, ஒரே ஒரு வார்த்தை" என்றேன். "இங்க இருக்கற எல்லாரும் யாரோ ஒருத்தருக்குப் பொண்ணுதான்" என்று சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வயரிங் மேஸ்திரி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

நீயே யோசித்துப் பார். நன்றாக இருந்தால் உன்னைக் கூப்பிடுவாள். உன்னிடம்தானே எல்லாம் சொல்வாள், அதில்தானே எனக்குக் கோபமே. என்னைக் கூப்பிட்டாள் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். உன்னிடம் சொன்னால் திட்டுவாய், அப்பாவிடம் சொன்னால் அடுத்த வண்டியில் வந்து நிற்பார் என்று தெரியும். அந்த ஒரு போனை நான் எடுக்கவில்லை.

உன்னையும் கூப்பிட்டாளா? என்ன சொன்னாள்? அழுதாளா? போன் செய்தால் நீ எடுக்கவில்லை, ஏன்? உடனே எழுது.


பிப்ரவரி 18

வாலுவின் அப்பாவுக்கு,

கூப்பிடவில்லை.

காலையில் எழுந்ததிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பேச வந்தாள், தலைவலி என்று பொய் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் போனில் ஏதோ கோளாறோ என்று என் பஸ் கண்டக்டர் அம்மாவைவிட்டு எனக்கே ஒரு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக அடித்தது. இருட்டிய பிறகும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போன் செய்தபோது எடுக்காததற்குக் காரணம், உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்ததுதான். கடிதம் வந்த பிறகுதான் விஷயமே புரிந்தது. ஒரே ஒரு போன், அதை உங்களுக்குப் போட்டிருக்கிறாள். ஒரு தடவையில்லை, இரண்டு தடவை. மைதானத்தில் நின்று நேரம் பார்த்தது யார், கோடு வரைக்கும் போனது யார், கொப்புளத்துக்கு என்ன தடவ வேண்டும் என்று நாலு பக்கம் எழுதியது யார்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியோடு போனவர் யார்? எனக்கு எரிகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிகிறது.

நீங்கள் நினைப்பதுதான் எனக்கும் தோன்றுகிறது. வரவேண்டும் என்றுதான் கூப்பிட்டிருப்பாள். நீங்கள் அதை ஆசையோடு நினைக்கிறீர்கள், நான் பயத்தோடு நினைக்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான். அப்புறம் டீ போடும்போது 'வந்தால்தான் வரட்டுமே' என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே போய் நிற்காதீர்கள். உங்களைப் பார்த்தால் அவளுக்கு என்ன ஆகும்? கூட இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். என் பேச்சை இந்த ஒரு தடவையாவது கேளுங்கள்.


பிப்ரவரி 27

அம்மாளுக்கு,

போய் நின்றேன்.

திட்டிக்கொள். முதலில் கேள். மாதக் கடைசி வந்துகொண்டிருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொல்ல நினைத்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கூப்பிட்டு, அப்பா எடுக்காமல் தவித்துக்கொண்டிருந்தால்? அந்த நினைப்போடு எப்படி வேலை செய்வது? ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

கேட் வரைக்கும் போய்விட்டேன். காவலுக்கு ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான், பையன் என்று சொல்ல முடியாது, என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. "என்ன வேணும்?" என்றான். மகளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் விடமாட்டான் என்று தெரியும். வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். கருவிப் பையைத் தோளில் மாட்டியிருந்தேன், கம்பெனிச் சட்டை போட்டிருந்தேன். நிமிர்ந்து நின்று, "லிஃப்ட் ரிப்பேருக்கு வந்திருக்கேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். திரும்பி முகாமைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ஐயா, இங்க எல்லாமே ஒரே மாடி" என்றான்.

அசடு வழிந்தேன், வேறென்ன. இத்தனை வருஷம் தொழில் செய்கிறவன், கட்டடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டாமா? அவன் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். "பொண்ணா?" என்றான். தலையாட்டினேன். "வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வர்றாங்க. போன வாரம் ஒருத்தர் சாக்கடை அடைப்பு எடுக்க வந்தேன்னாரு. சாக்கடை இருக்கே, அதனால சமையல்கட்டு வரைக்கும் போயிட்டாரு. நீங்க கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றான்.

வேலியோரமாகக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டான். ஒரு கூட்டம் பெண்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே சட்டை, ஒரே முதுகு. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இவளா, இல்லை, அவளா என்று பார்ப்பதற்குள் திரும்பிப் போய்விட்டார்கள். அதில் அவள் இருந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பெற்ற பெண், எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அழுதேன்.

கிளம்பும்போது காவல்காரனிடம், வேண்டாம் என்று சொன்னவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். "நேத்து ஒரு வண்டி போச்சு. நாலு பொண்ணுங்க" என்றான். பெயர் சொல்லமாட்டானாம்.

அந்த நாலில் நம் வாலு இருந்தாளா? வீட்டுக்கு வந்தாளா? வந்திருந்தால் திட்டாதே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.


மார்ச் 13

என்னங்க,

உடனே பதில் போடாததற்குத் திட்டியிருப்பீர்கள். வாலு வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் கடிதமா போடுவேன், சண்டை வந்தால் வரட்டும் என்று போன் செய்திருப்பேன். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து தெருவில் ஆட்டோ நின்றால் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நானும் அந்த நாலு பேரில் அவளைத் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று அவள் போன் செய்தாள். இரண்டாவது முறை அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை எனக்கு.

குரல் மாறியிருக்கிறது. கொஞ்சம் கரகரப்பு, கத்திக் கத்தி. நல்லா இருக்கேன் என்றாள், கொப்புளம் எல்லாம் காய்ந்து தோல் தடித்துவிட்டதாம். நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன், "ஏண்டி, அன்னிக்கு அப்பாவுக்கு எதுக்குப் போன் போட்டே?" என்று.

அவள் சொன்னாள். "அழணும்னு இருந்துச்சும்மா. உங்கிட்ட அழ முடியாதுன்னு அப்பாவுக்குப் போட்டேன். அவர் எடுக்கல. எடுத்திருந்தா அழுதிருப்பேன். அழுதிருந்தா, கூட்டிட்டுப் போங்கப்பான்னு சொல்லியிருப்பேன். எடுக்கலையா, பின்னாடி வரிசையில இருந்தவ அடுத்து நான்னு நின்னா. போனை அவ கையில குடுத்துட்டு வந்து பூட்ஸ் துடைச்சேன். மறுநாள் எழுந்து ஓடினேன். அவ்வளவுதான்."

இதை உங்களிடம் சொல்வதா என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். நீங்கள் எடுத்திருந்தால் அவள் இன்று வீட்டில் இருந்திருப்பாள். நீங்கள் ஆசைப்பட்டது ஒரு போன் தூரத்தில் வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறது. நான் ஆசைப்பட்டது நடந்தது, அதுவும் என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, நீங்கள் போனைப் பையில் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கியதால். இதற்காக உங்களைக் கொண்டாடுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்பவும் வரணும்னு இருக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா. இப்ப வீட்டு ஞாபகம் வருது, ஆனா வரணும்னு தோணல" என்றாள். எனக்கு அது புரிந்தது. உங்களுக்கும் புரியும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் லிஃப்ட் விஷயம் முகாம் முழுக்கப் பரவியிருக்கிறது. சாப்பாட்டு அறையில் யாரோ சொல்லி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இவள் எழுந்து நின்று, "அது எங்க அப்பா" என்றாளாம். அனுமதி இல்லாமல் எழுந்து நின்றதற்குத் தண்டனை, எல்லார் பாத்திரத்தையும் இவளே தேய்த்தாளாம். தேய்த்துக்கொண்டே சிரித்தேன் என்றாள். "அப்பா வந்தாரு இல்ல? அது போதும்" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவளும்தான் ஓடியிருக்கிறாள். உங்களை அவளும் பார்க்கவில்லை, தொப்பி கண்ணை மறைத்ததாம்.

பயிற்சி ஏப்ரலில் முடிகிறது. அணிவகுப்பைப் பார்க்க வீட்டுக்கு இரண்டு பேர் வரலாம். நீங்கள் அதற்கு நேராக அங்கே வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவீர்கள். அதற்காக இதை எழுதவில்லை.

உங்கிட்ட அழ முடியாதும்மா என்றாளே, அது என்னை எங்கோ குத்திவிட்டது. நான் அவ்வளவு கல்லா? முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நானே என்னிடம் அழுததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அழுததெல்லாம் உங்கள் முன்னால்தான். அவளைப் பெற்று கையில் வாங்கியபோது அழுதேன், என் அம்மா போனபோது அழுதேன், முதல் நாள் பஸ்ஸைக் கொண்டுபோய் டிப்போ சுவரில் இடித்துவிட்டு வந்து அழுதேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அவளுக்கும் நீங்கள்தான், எனக்கும் நீங்கள்தான். நாங்கள் இரண்டு பேரும் உங்களை ஏமாற்றிவிட்டு, இரண்டு பேரும் உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கோட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு அழுகை பாக்கி நிற்கிறது. நீங்கள் இல்லாமல் அது வரமாட்டேன் என்கிறது.

வேலை பாதியில் இருந்தால் இருக்கட்டும், இரண்டு நாள் வந்துவிட்டுப் போங்கள். கோபம் போகாவிட்டால் கோபத்தோடேயே வாருங்கள். வந்ததும் என்ன ஆச்சு, ஏன் என்று ஒன்றும் கேட்க வேண்டாம். பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.